துண்டுத்துணிகளைச் சேர்த்து, ஆறு பேர் கூடி ஒரு குவில்ட்

தையல் மிஷின் இருக்கும் வீட்டில் ஒரு துணிமூட்டையும் இருக்கும். ஜாக்கெட் தைத்தது போக மிஞ்சிய டூ பை டூ துண்டு, காலர் மட்டும் நைந்துபோன சட்டை, மகளுக்குப் பாவாடை வெட்டிய பூப்போட்ட பாப்ளின், கிழிந்த சுங்குடிப் புடவையின் நல்ல பாதி. தூக்கிப் போட மனசு வராது. எடுத்து ஏதாவது செய்ய நேரமும் வாய்க்காது. எங்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வீட்டு மூட்டைகளையும் ஒரே கூடத்தில் கொட்டினோம். எங்கள் முதல் போர்வை அங்கே ஆரம்பித்தது. இதுவரை நான்கு போர்வைகள் முடித்திருக்கிறோம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து வரிசையாகச் சொல்கிறேன். மிஷினில் நேராக ஒரு தையல் ஓட்டத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் போகப் போக வந்துவிடும்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே, துண்டுகளை இணைத்துச் செய்த துணி. நடுவில் பஞ்சோ பழைய துணியோ ஒரு அடுக்கு. பின்னால் ஒரே துணி. மூன்றும் நகராமல் ஊடே ஓடுகிற தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். பெயர் வெளிநாட்டுப் பெயர், ஆனால் வேலை நமக்குப் புதிதல்ல. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, சிந்துவிலும் ராஜஸ்தானிலும் ரல்லி, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்று எல்லாமே பழைய துணியை அடுக்கித் தைத்தவைதான். பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் நைந்த நூல் புடவையை நாலாக மடித்து ஓரம் தைத்துப் போடுவதும் இதே கைவேலையின் எளிய வடிவம்.

தனியாகவே செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் துண்டுத்துணிப் போர்வையில் நேரம் தின்பது மேல்துணி. ஒரே மாதிரிக் கட்டத்தைத் திரும்பத் திரும்பத் தைக்க வேண்டும். பத்தாவது கட்டத்தில் கை ஓய்ந்துவிடும். அப்புறம் அது பரண் மேல் ஏறிவிடும். ஆறு பேர் என்றால் ஆளுக்கு நாலு கட்டம்தான். இன்னொன்றும் உண்டு. ஒரு வீட்டு மூட்டையில் ஒருவருடைய ரசனை மட்டும்தான் இருக்கும். என் மூட்டை முழுக்க நீலமும் பச்சையும். எதிர்வீட்டு மாமியின் மூட்டை இல்லாவிட்டால் எங்கள் போர்வையில் மஞ்சளே வந்திருக்காது.

முதலில் உட்கார்ந்து பேசுங்கள்

துணியைத் தொடும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்துவிட வேண்டும். போர்வை யாருக்கு, எந்த அளவு, எந்தத் தேதிக்குள்.

யாருக்கு என்பதைத் தெளிவாகப் பேசாமல் ஆரம்பித்த குழுக்களில் மனக்கசப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் போர்வை குழுவில் யாருக்கும் சொந்தமாக வேண்டாம் என்பது என் கருத்து. பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்கோ, பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்கோ, குழந்தைகள் காப்பகத்துக்கோ கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது யார் துணி எங்கே வந்தது, யார் எவ்வளவு தைத்தார்கள் என்ற கணக்கெல்லாம் எழாது. இல்லங்களுக்கு என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் மிஷினில் போட்டுத் துவைப்பார்கள். அதற்குத் தாங்குகிற மாதிரி தைக்க வேண்டும்.

ஆட்கள் நாலு முதல் எட்டு வரை சரி. அதற்கு மேல் போனால் ஒருவரை ஒருவர் தேடிப் பிடிப்பதே வேலையாகிவிடும். எல்லோருக்கும் தைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவில் கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியம்மா இருக்கிறார். துணியைப் பட்டையாகக் கிழிப்பது அவர் வேலை. நூல் துணியின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்துக் கிழித்தால் நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். அதற்கு அளவுகோலும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். இன்னொருவர் இஸ்திரி போட்டுக்கொடுப்பார். கணக்கும் தேதியும் பார்த்துக்கொள்ள ஒருவர் மட்டும் கட்டாயம் வேண்டும், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு.

அளவுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்: முடிந்த கட்டம் 9 இஞ்ச் சதுரம். அகலத்தில் 4, நீளத்தில் 6, மொத்தம் 24 கட்டங்கள். போர்வை 36 இஞ்சுக்கு 54 இஞ்ச் வரும். ஐந்தாறு வயதுக் குழந்தை வரை போர்த்திக்கொள்ளலாம், பெரியவர்கள் மடியில் போட்டுக்கொள்ளலாம். முதல் தடவையே இரட்டைக் கட்டிலுக்கு ஆசைப்படாதீர்கள்.

ஒரே அளவு: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

எங்கள் முதல் முயற்சியில் அவரவர் வீட்டில் ஒன்பதரை இஞ்ச் (தையலுக்கு அரை இஞ்ச் போக முடிவில் 9 நிற்கும்) கட்டம் வெட்டித் தைத்துக் கொண்டுவந்தோம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஓரம் படிக்கட்டு மாதிரி நின்றது. மிகச் சிறியது 9, மிகப் பெரியது 10. "என் டேப்புல சரியாத்தானே இருந்துச்சுக்கா" என்றாள் குழுவில் இளையவள். உண்மைதான். ஆறு பேருடைய டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தோம். பழைய டேப் இரண்டு இழுபட்டு நீண்டிருந்தன. யார் மீதும் தப்பில்லை. ஆனால் எல்லாக் கட்டத்தையும் மிகச் சிறியதன் அளவுக்கு வெட்டிக் குறைக்க வேண்டியதாயிற்று. சிலர் ஓரத்தில் ஆசையாக வைத்திருந்த பூவெல்லாம் பாதியாகப் போயிற்று.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம். குழுவுக்கு ஒரே ஒரு அளவுச் சதுரம். பெயர்ப்பலகை செய்யும் கடையில் கேட்டால் அக்ரிலிக் ஷீட்டில் சரியாக 9½ இஞ்ச் சதுரம் வெட்டித் தருவார்கள். அட்டையில் செய்தால் வெட்ட வெட்ட ஓரம் தேய்ந்து அளவு குறைந்துகொண்டே போகும். கட்டத்தை எல்லோரும் 10 இஞ்ச் வரும்படி கொஞ்சம் பெரிதாகவே தைப்போம். கடைசியில் எல்லாக் கட்டமும் அந்த ஒரே சதுரத்தை வைத்துத்தான் வெட்டப்படும், அதையும் ஒருவரே வெட்டுவார். இப்படிச் செய்தால் புதிதாகத் தைப்பவரின் கட்டமும் முப்பது வருஷம் தைத்தவரின் கட்டமும் ஒரே அளவில் வந்து உட்கார்ந்துவிடும்.

கூட்டாகத் தைக்கிற வேலை எல்லாமே இந்த ஒரு ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. எய்ட்ஸில் இறந்தவர்கள் நினைவாக அமெரிக்காவில் தைக்கப்பட்ட நினைவுக் குவில்ட் 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதல்முறை விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத குடும்பங்களும் நண்பர்களும் தைத்து அனுப்பியவை அவை. துணி, நிறம், வடிவம் எதற்கும் கட்டுப்பாடு கிடையாது. அளவு மட்டும் 3 அடிக்கு 6 அடி. அந்த ஒன்று சரியாக இருந்ததால்தான் அத்தனையையும் ஒன்றாகச் சேர்க்க முடிந்தது.

துணி பொறுக்குவதும் துவைப்பதும்

ஆளுக்கு ஒரு மஞ்சப்பை நிறையத் துண்டுகள் கொண்டுவந்தால் 24 கட்டத்துக்குத் தாராளமாகப் போதும். பக்கத்துத் தையல்கடையில் சொல்லி வைத்தால் ஒரு வாரத்துக் கழிவையே கொடுத்துவிடுவார்கள். அதில் நூல் துணியை மட்டும் பொறுக்குங்கள். பாப்ளின், டூ பை டூ, சட்டைத்துணி, கைத்தறி, சுங்குடி எல்லாம் நல்லவை. பனியன் துணி இழுபடும். முதல் போர்வையில் வேண்டாம். சிந்தெடிக் துணி இஸ்திரிச் சூட்டில் சுருங்கும். பட்டு ஆசை காட்டும், ஆனால் துவைக்கும்போது மற்ற துணியோடு ஒத்துப்போகாது. ஜீன்ஸை ஜீன்ஸோடு மட்டும் சேர்த்து வேறொரு போர்வையாகச் செய்யுங்கள்.

பழைய துணி என்றால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நூல் விலகிச் சல்லடை மாதிரி தெரிந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் அது முடிந்துபோன துணி. புடவையில் இடுப்பில் செருகுகிற உள்முனைப் பக்கம் வெயில் படாமல் நிறம் மங்காமல் இருக்கும், அங்கிருந்து எடுங்கள். சட்டையில் முதுகுப் பகுதிதான் பெரிய துணி.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். இங்கே கசக்காமல் தைக்கவே கூடாது. புதுத்துணித் துண்டும் பழைய துணியும் ஒரே கட்டத்தில் வந்தால், முதல் துவைப்பில் புதுத்துணி சுருங்கிப் பக்கத்துத் துணியைப் பிடித்து இழுக்கும். எல்லாவற்றையும் முன்னாலேயே துவைத்துக் காயவைத்து விடுங்கள். சிறு துண்டுகளைப் பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டித் துவைத்தால் நூல் சிக்காது.

சிவப்பு, கருநீலம், மெரூன் நிறங்களைத் தனியாகச் சோதியுங்கள். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் அது இன்னும் துவைக்கப்பட வேண்டிய துணி. நாலைந்து முறை துவைத்தும் நிற்கவில்லையா, ஒதுக்கிவிடுங்கள். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் நாங்கள் ஒரு சிவப்புச் சுங்குடியை இரண்டாவது போர்வையில் சேர்த்தோம். முதல் துவைப்பிலேயே பக்கத்தில் இருந்த வெளிர்மஞ்சள் எல்லாம் இளஞ்சிவப்பாயிற்று. உப்பு அந்தச் சாயத்தைப் பிடித்துவைக்கவில்லை. அது எனக்குப் பிடித்த மஞ்சள், இன்றைக்கும் அந்த மூலையைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

கால் இஞ்ச் தையல்

குவில்ட் வேலையில் துண்டுகளை இணைக்கும்போது தையலுக்கு விடும் துணி கால் இஞ்ச். ஜாக்கெட் தைத்துப் பழகியவர்களுக்கு முதலில் இது பயமாக இருக்கும், நாம் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் விட்டுப் பழகியவர்கள். ஆனால் மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிறகு தைத்துவிடுவதால் இது பிரியாது.

பல மிஷின்களில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலின் ஓரம் ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்சில் இருக்காது. எனவே காலை நம்ப வேண்டாம். ஒரு ஸ்கேலை ஊசியின் கீழே வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனை கால் இஞ்ச் கோட்டில் தொடும்படி இறக்குங்கள். ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மிஷின் தட்டில் ஒரு பட்டை டேப்போ பிளாஸ்திரியோ ஒட்டிவிட்டு ஸ்கேலை எடுத்துவிடுங்கள். இனி துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போனால் போதும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கவாட்டில் இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச், மொத்த அகலம் 3½ இஞ்ச் வர வேண்டும். வராவிட்டால் டேப்பை ஒரு நூல் அளவு நகர்த்தி மறுபடி பாருங்கள். ஆறு பேரும் அவரவர் மிஷினில் இதைச் செய்து, அந்தத் துண்டை முதல் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கட்டங்களைக் கடைசியில் சதுரம் வைத்து வெட்டிவிடுவதால் கட்டத்துக்குள் தையல் கொஞ்சம் கோணினாலும் தப்பித்துவிடலாம். கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும்போது தப்பிக்க முடியாது. கட்டத்துக்கு அரைக்கால் இஞ்ச் தவறினால் ஆறு கட்டத்தில் முக்கால் இஞ்ச் போய்விடும்.

தையல் நெருக்கமாக இருக்கட்டும், இஞ்சுக்கு 10 முதல் 12 வரை. ஊசி புதிதாக, 14 எண்.

கட்டம் தைப்பது

புதியவர்கள் கூட்டாகச் செய்வதற்கு நான் சொல்வது பட்டைக் கட்டம். எவ்வளவு ஒல்லியான துண்டானாலும் இதில் இடம் கிடைக்கும். ஒரு மெல்லிய தாங்குதுணியின் மேல் மூலைக்கு மூலை பட்டைகளை வரிசையாகத் தைத்துக்கொண்டே போவதுதான் முறை.

தாங்குதுணிக்குப் பழைய வேட்டியைவிட நல்லது எதுவும் இல்லை. மெல்லிசாக, மெத்தென்று, சாயம் போகாமல் இருக்கும். அதை 10 இஞ்ச் சதுரங்களாக வெட்டிக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பென்சிலால் கோடு போடுங்கள். பட்டைகள் மூலைவாக்கில் போவதால் கட்டத்தின் ஓரம் இழுபடும் தன்மையோடு இருக்கும். வேட்டித்துணி நேர் நூலோட்டத்தில் இருப்பதால் அந்த இழுவையைப் பிடித்துக்கொள்ளும்.

நடுவில் வரும் பட்டை மட்டும் எல்லாக் கட்டத்திலும் ஒரே துணியாக இருக்கட்டும். இது முக்கியம். ஆறு வீட்டுத் துணி கலக்கும்போது போர்வை இரைச்சலாகத் தோன்றாமல் கட்டிப்போடுவது இந்த ஒரு நிறம்தான். 2 இஞ்ச் அகலம், 15 இஞ்ச் நீளத்தில் 24 பட்டைகள் வேண்டும். முக்கால் மீட்டர் துணி போதும். ஒரே வேளையில் ஒருவரே கிழித்து ஆளுக்கு நாலாகக் கொடுத்துவிடலாம். நாங்கள் வழக்கமாக வெளுக்காத காடா துணி எடுப்போம். அதன் வெளிர்நிறத்தின் பக்கத்தில் எந்தத் துணியும் எடுப்பாகத் தெரியும்.

நடுப்பட்டையை நல்லபக்கம் மேலே இருக்கும்படி பென்சில் கோட்டின் மேல், கோடு சரியாக நடுவில் வரும்படி வையுங்கள். இரண்டாவது பட்டையை நல்லபக்கம் கீழே இருக்கும்படி அதன் மேல் கவிழ்த்து, ஒரு பக்க ஓரங்களைச் சேர்த்துவைத்துக் கால் இஞ்சில் தையுங்கள். தையல் இரண்டு பட்டை, தாங்குதுணி மூன்றையும் பிடிக்க வேண்டும். இப்போது கவிழ்த்த பட்டையைத் திருப்பி விரித்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப்பெட்டியை முன்னும் பின்னும் இழுக்காமல், வைத்து எடுங்கள். இழுத்தால் பட்டை வளைந்துவிடும். அடுத்த பட்டை, அதற்கடுத்தது என்று மூலை வரை போய், பிறகு மறுபக்கமும் அப்படியே. அகலம் 1 இஞ்சிலிருந்து 2½ இஞ்ச் வரை எப்படி வேண்டுமானாலும் கலந்து வரலாம். மூலையில் மட்டும் ஒல்லிப் பட்டை வைக்காதீர்கள். அங்கே நாலு கட்டம் சந்திக்கும்போது தையல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குமிழ் மாதிரி ஆகிவிடும். மூலைக்கு ஒரு அகலமான முக்கோணத் துண்டே சரி.

நிறம் சேர்க்கத் தெரியாது என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி. துண்டுகளை வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியலாகப் பிரித்து, நடுப்பட்டைக்குப் பக்கத்தில் அடர்நிறம், மூலையில் வெளிர்நிறம் என்று எல்லோரும் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். எது அடர், எது வெளிர் என்று குழப்பமாக இருந்தால் செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறாகத் தெரியும்; படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால் இரண்டும் ஒரே குவியல்.

வாரத்துக்கு இரண்டு கட்டம் என்று வைத்தால் இரண்டு வாரத்தில் எல்லோருடையதும் முடியும். நாங்கள் மூன்று வாரம் கொடுப்போம். பரீட்சை, காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று ஏதாவது வரும். ஒருவரால் முடியாமல் போனால் துணியை மட்டும் கொடுத்துவிடட்டும், இன்னொருவர் தைத்துக்கொள்வார். அதை ஒரு குறையாகப் பேசாமல் இருப்பது நல்லது.

அடுக்கிப் பார்த்து இணைப்பது

24 கட்டமும் வந்து சேர்ந்ததும் பின்பக்கம் திருப்பி, அக்ரிலிக் சதுரத்தின் இரண்டு எதிர்மூலைகள் பென்சில் கோட்டில் உட்காரும்படி வைத்து வெட்டுங்கள். இந்தப் பொருத்தம் தவறினால், பிறகு நாலு கட்டம் சேர்ந்து வர வேண்டிய வைர வடிவங்கள் சேராது. வட்டக் கத்தியும் அதற்கான பாயும் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் பென்சிலால் வரைந்து நல்ல கத்தரியால் வெட்டலாம்.

அப்புறம்தான் எங்கள் எல்லோருக்கும் பிடித்த நாள். கூடத்து மேஜை நாற்காலியை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கட்டங்களைத் தரையில் 4-க்கு 6 என்று பரப்புவோம். நாலு கட்டங்களை நடுப்பட்டைகள் ஒன்றையொன்று தொடும்படி திருப்பி வைத்தால் வைர வடிவம் வரும். அடுத்த நாலு கட்டம், அடுத்த வைரம் என்று தரை முழுக்கக் காடாப் பட்டை வலை மாதிரி ஓடும். அந்தந்த வீட்டில் தனியாகப் பார்த்தபோது சாதாரணமாக இருந்த கட்டம், பக்கத்தில் இன்னொரு வீட்டுக் கட்டம் வந்ததும் வேறாகத் தெரியும். ஒருமுறை ஒரு மங்கின பழுப்புச் சட்டைத்துணிக் கட்டத்தை யாரும் சேர்க்க விரும்பவில்லை. ஊதாப் பூ போட்ட கட்டத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தோம். அந்தப் போர்வையில் முதலில் கண் போகிற இடம் இப்போது அதுதான்.

ஒரே துணி பக்கத்தில் பக்கத்தில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள். முக்காலியில் ஏறி மேலிருந்து படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிவானதும் ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண், இட எண் எழுதிய தாளைக் குண்டூசியால் குத்திவிடுங்கள். இது இல்லாமல் கட்டங்களைத் தரையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

முதலில் நாலு நாலாக இணைத்து ஆறு வரிசை, பிறகு வரிசையோடு வரிசை. தாங்குதுணி இருப்பதால் தையல் ஓரம் தடிமனாக இருக்கும். ஒரு பக்கமாகச் சாய்க்காமல் இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். வைரத்தின் முனைகள் சந்திக்கிற இடத்தில் முதலில் ஒரு குண்டூசி, பிறகு மற்ற இடங்களில். முனை ஒரு நூல் தள்ளிப் போனால் விட்டுவிடலாம்.

மூன்று அடுக்கு

நடு அடுக்கு எதுவாக இருக்க வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் கடையில் கிடைக்கும் பஞ்சு வேடிங் போட்டுக்கொள்ளலாம். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் மாதிரி இடங்களில் அது போர்த்த முடியாத சூடு. ஒரு பழைய நூல் படுக்கைவிரிப்பு போதும். ஏற்கெனவே வேட்டித்துணி ஒரு அடுக்கு உள்ளே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கூடுதலாக அடுக்கினால் ஊசி இறங்காது.

பின்துணி நாலு பக்கமும் 2 இஞ்ச் கூடுதலாக, 40-க்கு 58 இஞ்ச் வேண்டும். 44 இஞ்ச் அகலத் துணி என்றால் ஒன்றேமுக்கால் மீட்டர் வாங்கித் துவைத்துச் சுருக்கிக்கொண்டால் ஒட்டுப் போடாமல் கிடைத்துவிடும். நடு அடுக்கையும் அதே அளவுக்கு வெட்டுங்கள்.

தரையைத் துடைத்துக் காயவிட்டு, பின்துணியை நல்லபக்கம் கீழே வைத்து விரித்து ஓரங்களை டேப்பால் தரையில் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும், ஆனால் இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் பின்துணி சுருங்கி முன்பக்கம் உப்பும். மேலே நடு அடுக்கு, அதன் மேல் குவில்ட் முகம், அதாவது நாம் இணைத்த மேல்துணி. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தடவித் தடவிச் சமப்படுத்தி, கையகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். இந்த அளவுக்கு நூறு ஊக்கு வரை பிடிக்கும். ஆறு பேர் ஆறு பக்கம் உட்கார்ந்தால் அரைமணி நேர வேலை. தனியாக இதைச் செய்தவர்களுக்குத்தான் முட்டிவலியின் அருமை தெரியும்.

கூடி உட்கார்ந்து தைப்பது

இதை மிஷினிலும் செய்யலாம். ஆனால் கூட்டாகச் செய்யும்போது கைத்தையலை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்தின் கறுப்பினப் பெண்கள் மேல்துணியை அவரவர் வீட்டில் தனியாக இணைப்பார்கள். மூன்று அடுக்கைத் தைப்பதற்கு மட்டும் ஒன்றாகக் கூடுவார்கள். அந்தப் பகுதியில் 1966-இல் தொடங்கிய கூட்டுறவின் பெயரிலேயே, கூடித் தைப்பதைக் குறிக்கும் 'பீ' என்ற சொல் இருந்தது. உலகத்தில் எங்கே பார்த்தாலும் பேச்சு நடப்பது இந்த வேலையின்போதுதான்.

கொஞ்சம் தடித்த பருத்தி நூல், காது பெரிதான ஊசி, நடுவிரலுக்கு ஒரு உறை. நூல் ஒன்றரை முழத்துக்கு மேல் வேண்டாம், முடிச்சு விழும். முடிச்சை நடு அடுக்குக்குள் இழுத்து மறைத்துவிட்டு ஓட்டுத்தையல் போடுங்கள். எங்கே தைப்பது என்று கோடு போட வேண்டியதில்லை. காடாப் பட்டையின் இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளி ஒரு வரி, அதற்கும் மூலைக்கும் நடுவில் இன்னொரு வரி. இவ்வளவு போதும். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள். ஊக்குக் குத்தி வைத்திருக்கும்போது ஓரத்தில் ஆரம்பித்தால் துணி நடுவில் சேர்ந்து மடியும். (கவந்தி தைக்கும் சித்தி பெண்கள் நேர்மாறாக, ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அவர்கள் துண்டுகளை அப்போதே ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துக்கொண்டே போவதால் அது சரியாக வருகிறது. மூலைகளில் சிறு முக்கோணங்களை மடித்து வைத்து முடிப்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு.)

இஞ்சுக்கு ஐந்தாறு தையல் வந்தால் புதியவருக்கு மிக நல்லது. எண்ணிக்கையைவிட, மேலே தெரியும் தையலும் இடைவெளியும் சமமாக இருப்பதுதான் கண்ணுக்கு இதம். ஒருவர் தையல் பொடிசாக இருக்கும், இன்னொருவருடையது நீளமாக இருக்கும், ஒருவருடையது சாய்ந்து போகும். அதைப் பிரித்துச் சரிசெய்யாதீர்கள், அவர் இல்லாத நேரத்தில் இன்னும் கூடாது. எங்கள் முதல் போர்வையில் பெரியம்மா தடவிப் பார்த்தே போட்ட ஒரு வரி இருக்கிறது. காடாப் பட்டையை விட்டு விலகி, பிறகு திரும்பி வந்து சேரும். போர்வையை யாருக்குக் காட்டினாலும் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டித்தான் பேச ஆரம்பிப்போம்.

எங்களுக்கு இது ஐந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எடுத்தது. அவ்வளவு நேரம் இல்லை என்றால் நாலு இஞ்சுக்கு ஒரு இடத்தில் எம்ப்ராய்டரி நூலை ஆறு இழையாக உள்ளே விட்டு எடுத்து இரட்டை முடிச்சு போட்டுவிடலாம். இதுவும் பழைய முறைதான், ஒரே மதியத்தில் முடிந்துவிடும்.

ஓரமும் பெயரும்

தையல் முடிந்ததும் மிஞ்சிய பின்துணியையும் நடு அடுக்கையும் முகத்தின் ஓரத்துக்கு நேராக வெட்டுங்கள். ஓரப்பட்டைக்கு அரை மீட்டர் துணி. 2½ இஞ்ச் அகலத்தில் ஐந்து பட்டைகள் வெட்டி ஒன்றோடொன்று இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். முகத்தின் பக்கம் வெட்டு ஓரங்களைச் சேர்த்துவைத்து மிஷினில் கால் இஞ்சில் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்திவிட்டு, பட்டையை நேர் மேலே மடித்து, மறுபடி கீழே மடித்து, அடுத்த பக்கத்தை ஆரம்பியுங்கள். மூலை அழகாகச் சாய்ந்து உட்காரும். சுற்றி முடிந்ததும் பட்டையைப் பின்னால் திருப்பிக் கையால் எம்மிங் போட வேண்டும். மூலைகள் நாலையும் குழுவில் கைவேலை சுத்தமாக இருப்பவரிடம் விடுங்கள்.

பின்பக்க மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் துணி வைத்துத் தைத்த எல்லோருடைய பெயரையும், ஊரையும், மாதம் வருஷத்தையும் நூலால் தைத்துவிடுங்கள். துணியைக் கிழித்துக் கொடுத்தவர், இஸ்திரி போட்டவர் பெயரும் வர வேண்டும்.

முதல் துவைப்பு தனியாக, குளிர்ந்த நீரில், நிழலில் உலர்த்தல். போர்வையைப் பெறுபவருக்கு இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு போர்வை முடித்த குழுவுக்கு அடுத்ததற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று முறைவைப்பது: மாதம் ஒருவருக்கு எல்லோரும் நாலு நாலு கட்டம் தைத்துக் கொடுப்பது; நிறத்தை அந்த மாதத்துக்காரர் சொல்வார். ஆறு மாதத்தில் ஆறு பேருக்கும் ஒவ்வொரு போர்வைக்கான கட்டம் கைக்கு வரும். இன்னொன்று மாற்றிக்கொள்வது: ஆளுக்கு 24 கட்டம் தைத்து, தனக்கு நாலு வைத்துக்கொண்டு மற்ற ஐந்து பேருக்கும் நாலு நாலாகக் கொடுப்பது. வேலை இரண்டிலும் ஒரே அளவுதான், எல்லோர் வீட்டுத் துணியும் எல்லோர் போர்வையிலும் இருக்கும். நாங்கள் இப்போது இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

கட்டம் வெட்டும்போது விழும் ஓரங்களையும் ஒரு பையில் சேர்த்து வாருங்கள். ஒரு தலையணைக்கு ஆகும். கொஞ்சம் கனமாக இருக்கும். தரையில் உட்கார்ந்து தைக்கும்போது முதுகுக்கு முட்டுக் கொடுக்க அந்தக் கனம்தான் வசதி.